டெலிட்டட் சீன் கதையில் சேருமா, சேராதா? 'லியோ' ஃபிளாஷ்பேக் முதல் சீரியல் ப்ரோமோ வரை

படம் பார்த்தாச்சு. பிடிச்சதா இல்லையான்னு பேசியும் முடிச்சாச்சு. சில வாரம் கழித்து யூடியூபில் 'டெலிட்டட் சீன்' என்று மூணு நிமிட வீடியோ ஒன்று வருது. அதில் ஹீரோவுக்கு நாம கேள்வியே படாத ஒரு அண்ணன் இருக்கார். இல்லைன்னா, செத்துப்போனதா நாம நினைச்ச ஆள் கண் விழிக்கிறார்.

இப்போ அந்தக் கதையில் அண்ணன் உண்டா, இல்லையா? செத்தவர் செத்தவர்தானா?

வெட்டிப் பேச்சு மாதிரி தெரியலாம். ஆனால் ஒரு படத்தின் கதை அடுத்த படத்தில் தொடர்கிறது, ஒரு சீரியல் ஆயிரம் எபிசோடைத் தாண்டி ஓடுகிறது. இப்படிப்பட்ட காலத்தில் இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. கதையில் 'இது நடந்தது, இது நடக்கலை' என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு? காசு கொடுத்துப் பார்த்தவருக்கா, எடுத்தவருக்கா?

'கேனன்' என்றால் என்ன?

ரசிகர்கள் இதற்குப் பயன்படுத்தும் வார்த்தை 'கேனன்'. அளவுகோல் என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. பைபிளில் எந்தெந்த நூல்கள் அதிகாரபூர்வமானவை என்று சொல்ல கிறிஸ்தவ திருச்சபைகள் இதைப் பயன்படுத்தின. கதைகளுக்கு இது தாவியது ஷெர்லாக் ஹோம்ஸ் மூலமாக. 1911-ல் ரொனால்டு நாக்ஸ் என்பவர் ஹோம்ஸ் கதைகளை வேத நூல் ஆராய்ச்சி பாணியில் பாதி கிண்டலாக அலசி ஒரு கட்டுரை வாசித்தார். கிண்டல் போய் வார்த்தை மட்டும் நிலைத்துவிட்டது. கானன் டாயில் எழுதிய 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் ஹோம்ஸின் கேனன். மற்றவர்கள் ஹோம்ஸை வைத்து எழுதியது எல்லாம் வெளியே.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்லை. கம்பராமாயணப் பதிப்புகளைப் புரட்டினால் கடைசியில் 'மிகைப்பாடல்கள்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். சுவடிகளில் கிடைத்தவைதான், ஆனால் கம்பர் பாடியவை என்று பதிப்பாசிரியர்கள் ஏற்காதவை. தூக்கிப் போடவும் மனசில்லை, உள்ளே சேர்க்கவும் மனசில்லை. டிவிடியில் 'டெலிட்டட் சீன்ஸ்' என்று தனி மெனு வைத்ததும் இதே மனநிலைதான்.

ஒரே ஒரு வித்தியாசம். மிகைப்பாடல் என்பது பிறகு வேறு யாரோ செருகியதாகக் கருதப்படுவது. டெலிட்டட் சீனோ படைத்தவரே எடுத்து, படைத்தவரே வெட்டியது. சிக்கலே அங்கேதான் இருக்கு.

'லியோ' கிளப்பிய சண்டை

தமிழில் இந்தக் கேள்வியை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்த படம் 'லியோ'. 2023 அக்டோபர் 19-ம் தேதி வெளியானது. இமாச்சலில் அமைதியாக வாழும் பார்த்திபன்தான் பழைய லியோ தாஸா என்பதுதான் கதையின் முடிச்சு. இரண்டாம் பாதியில் மன்சூர் அலிகான் நடித்த ஹிருதயராஜ், லியோவின் கடந்த காலத்தைச் சொல்வார். புகையிலைத் தொழில், நரபலி, இரட்டைச் சகோதரி எலிசா எல்லாம் அந்த ஃபிளாஷ்பேக்கில் வருவதுதான்.

படத்தில் பலருக்கும் ஒட்டாத பகுதியும் அதுதான். விமர்சனங்கள் குவிந்தபோது, இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பேட்டியில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அது ஹிருதயராஜ் தன் பார்வையில் சொன்ன கதை, பொய்யாகக்கூட இருக்கலாம். 'ஒவ்வொருத்தருக்கும் ஒரு பார்வை இருக்கும்' என்கிற மாதிரி அந்தப் பாத்திரம் பேசும் ஒரு பகுதி இருந்தது, அது படத்தில் இடம்பெறவில்லை. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

யோசித்துப் பாருங்க. அந்த ஒரு வசனம் உள்ளே இருந்திருந்தால் நாம பார்த்த ஃபிளாஷ்பேக் 'ஒருத்தர் சொன்ன கதை'. இல்லாததால் அது 'நடந்த கதை'. வெட்டியது சில விநாடிகள், மாறியது பாதிப் படத்தின் அர்த்தம்.

இதில் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இயக்குநரே சொல்லிட்டார், அப்புறம் என்ன என்றது ஒரு பக்கம். தியேட்டரில் காட்டாததை அப்புறம் வந்து சொன்னால் எப்படி ஏற்பது என்றது இன்னொரு பக்கம்.

நம்ம கருத்து இரண்டாவது பக்கம்தான். காரணம் எளிது. ஒரு பாத்திரம் சொல்லும் கதையைத் திரையில் காட்சியாகக் காட்டினால், அது உண்மை என்று நம்புவதுதான் சினிமா பார்ப்பவரின் வழக்கம். அது பொய் என்றால் எங்காவது ஒரு சின்னக் குறிப்பு திரையில் இருக்கணும். ஒருவர் சொல்வதெல்லாம் நடந்ததாகாது என்பதையே கதையாக வைத்த படம் 1954-லேயே தமிழில் வந்தாச்சு, எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்'. அதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், ஆனால் அந்தச் சந்தேகத்தைப் படமே நமக்குள் விதைக்கும். 'லியோ'வில் விதை எடிட்டிங் மேசையில் தங்கிவிட்டது.

அதே நேரம், இயக்குநர் சொன்னதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2019-ல் வந்த 'கைதி', 2022-ல் வந்த 'விக்ரம்', அப்புறம் 'லியோ' எல்லாம் ஒரே உலகத்தில் நடக்கும் கதைகள். எல்சியூ என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். அடுத்து வரும் ஒரு படத்தில் 'ஹிருதயராஜ் சொன்னது பொய்' என்று ஒரே ஒரு வசனம் வந்துவிட்டால் போதும், அன்றைக்கு அது கேனன். அதுவரை அது இயக்குநரின் எண்ணம்.

எல்லா டெலிட்டட் சீனும் ஒரே ரகம் இல்லை

'லியோ' கொஞ்சம் முரட்டு உதாரணம். பெரும்பாலான டெலிட்டட் சீன்கள் கதையைத் தலைகீழாக்காது, ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

'96' படத்தை எடுத்துக்கோங்க. ராமும் ஜானுவும் பாடகி எஸ்.ஜானகியைச் சந்திக்கும் காட்சி ஒன்று எடுக்கப்பட்டு, படத்தில் இல்லாமல், பிறகு யூடியூபில் வந்தது. ஜானகி பாட்டு அந்தப் படத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தச் சந்திப்பு நடந்ததாக வைத்துக்கொண்டாலும் கதை உடையாது, நடக்கவில்லை என்றாலும் உடையாது. பிடித்தவர்கள் மனசுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

'மாஸ்டர்' வேற மாதிரி. படம் 2021 ஜனவரியில் வந்தது, அடுத்த மாதமே அமேசான் பிரைம் ஒரு நீக்கப்பட்ட காட்சியை வெளியிட்டது. கௌரி கிஷன் நடித்த மாணவி பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்வார். நிர்வாகத் தரப்பு அவர் உடையைக் குறை சொல்லும். பேராசிரியராக வரும் விஜய் அதை எதிர்த்துப் பேசுவார். 'இதைப் போய் ஏன் வெட்டினாங்க?' என்று கேட்காத ஆள் இல்லை. படத்தில் எதோடும் இது முரண்படவில்லை, அதனால் நடந்ததாகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு பெரிய நடிகர் அந்தக் கருத்தைப் பேசுவது தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குப் போய்ச் சேரலை. கதைக்குள் சேர்ந்தது, ஊருக்குள் சேரலை. இந்தக் கணக்கை எந்த கேனன் விதியும் பார்ப்பதில்லை.

மூணாவது ரகம், வெட்டிய இடத்தில் வேறு காட்சியை வைப்பது. இதற்கு அமெரிக்க டிவி தொடர் 'ஃப்ரெண்ட்ஸ்' தெளிவான உதாரணம். எட்டாவது சீசனில் சாண்ட்லர், மோனிகா தம்பதி தேனிலவு கிளம்பும் எபிசோடு. விமான நிலையத்தில் வெடிகுண்டு பற்றி சாண்ட்லர் ஜோக் அடித்து மாட்டிக்கொள்வதாக முதலில் எடுத்திருந்தார்கள். அதற்குள் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்துவிட்டது. அந்தப் பகுதியை மொத்தமாக எடுத்துவிட்டு, முன்னால் நிற்கும் இன்னொரு புதுஜோடிக்கே எல்லாச் சலுகையும் கிடைப்பதாகப் புதுசா எடுத்து அக்டோபரில் ஒளிபரப்பினார்கள். பழைய காட்சிகள் பின்னாளில் வெளியே வந்தன. சுவாரசியமாகவும் இருக்கு. ஆனால் அது கதையில் சேராது, சேரவும் முடியாது. ஒரே நேரத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ள முடியாதே!

வெட்டியதைத் திரும்ப ஒட்டுவதும் உண்டு. 'தி ஆஃபீஸ்' தொடரின் நீக்கப்பட்ட காட்சிகளை எபிசோடுக்குள்ளேயே சேர்த்து, நீளமான பதிப்பாக 2021 முதல் பீகாக் ஓடிடி வெளியிட்டது. டிவியில் பார்த்தவருக்கு அந்தக் காட்சிகள் இல்லை, ஓடிடியில் புதுசா பார்க்க ஆரம்பிப்பவருக்கு அவை கதையின் பகுதி. இருவரும் பார்த்தது ஒரே தொடர்தான்.

பெரிய நிறுவனங்கள் சில, தெளிவாகக் கோடு போட முயன்றன. 'ஸ்டார் ட்ரெக்' உலகத்தில் பொது விதி, திரையில் வந்த தொடர்களும் படங்களும்தான் கேனன், நாவல்கள் அல்ல. அதிலேயே 1970-களில் வந்த அனிமேஷன் தொடர் உள்ளேயா வெளியேயா என்று பல வருஷம் இழுபறி. 'ஸ்டார் வார்ஸ்' உரிமையாளர்கள் 2014 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில், அதுவரை வந்த ஏகப்பட்ட நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜெண்ட்ஸ்' என்று பெயர் மாற்றி வெளியே நிறுத்தினார்கள். பல வருஷமா காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு வலித்தது.

சீரியலில் எப்படி?

தினமும் டிவி பார்க்கும் வீட்டுக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்தும்?

தருமபுரி மாவட்டம் பொம்மிடியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்க. அம்மா ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேபிள் டிவியில் சீரியல் பார்க்கிறார். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் அதே எபிசோடை மறுநாள் மொபைல் ஆப்பில் பார்க்கிறார். கூடவே ப்ரோமோ, ஷூட்டிங் ஸ்பாட் வீடியோ, நடிகர்களின் ரீல்ஸ் எல்லாம் அவர் கண்ணில் படும். வாரக் கடைசியில் சேலம் பக்கம் போகும் ரயிலைப் பிடித்து ஊருக்கு வந்து, 'அம்மா, அவங்களுக்குக் கல்யாணமே ஆயிடுச்சு, நான் வீடியோவில் பார்த்தேன்' என்கிறார். 'இன்னும் ஆகலைடா, நேத்துதானே நிச்சயம் பண்ணாங்க' என்கிறார் அம்மா.

யார் சொல்வது சரி? அம்மா சொல்வதுதான். சீரியலில் ஒளிபரப்பான எபிசோடுதான் கதை. ப்ரோமோவில் தாலி கட்டுவது போலக் காட்டிவிட்டு எபிசோடில் அதைக் கனவு என்று முடிப்பதை நாம பார்க்காததா? ப்ரோமோவில் வந்து எபிசோடில் வராமலே போன வசனங்களும் உண்டு. ப்ரோமோ என்பது கடை வாசலில் மாட்டிய சேலை, உள்ளே போனால் அதே சேலை இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரலை.

தமிழ் சீரியல் ரசிகர்களிடம் ஒரு தனித்திறமை இருக்கு. நடிகர் மாறினாலும் கதை மாறலை என்று ஏற்றுக்கொள்வது. 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போதும். சன் டிவியின் 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வீட்டுக்கு வீடு பேசப்பட்டவர் ஜி.மாரிமுத்து. 2023 செப்டம்பர் 8-ம் தேதி அவர் திடீரென மறைந்தார். பிறகு அதே பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். இரண்டு நடிப்பையும் ஒப்பிட்டுப் பேசினார்கள், மாரிமுத்துவை நினைத்து வருத்தப்பட்டார்கள். ஆனால் 'இது வேற குணசேகரன்' என்று யாரும் சொல்லலை. பழைய எபிசோடுகளில் அவர் செய்ததெல்லாம் புது முகத்தின் கணக்கில் ஏறியது. கேனன் என்ற சொல்லே தெரியாமல் அதை இவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கும் ரசிகர்கள் வேறு எங்கே கிடைப்பார்கள்?

சீரியலில் வெட்டிய காட்சிக்கு இன்னொரு விதியும் உண்டு. சினிமா மாதிரி அவை தனியாகச் சேமித்து வெளியாவது குறைவு. இன்று நேரம் போதாமல் விட்ட காட்சி நாளைய எபிசோடில் வந்துவிடும். அப்படி வரும்வரை அது நடக்கலை, அவ்வளவுதான்.

கூத்து மேடையில் இந்தச் சண்டையே வராதது ஏன்?

தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது புரியும். விடிய விடிய நடக்கும் கூத்தில் நேரம் போதாவிட்டால் சில பகுதிகளைச் சுருக்குவார்கள், சிலதை விட்டே விடுவார்கள். கட்டியங்காரன் இடையில் ஊர் விஷயத்தை இழுத்துக் கிண்டல் செய்வார். கர்ண மோட்சம் ஒரு குழு ஆடுவது போல இன்னொரு குழு ஆடாது. அதற்காக 'இந்த வருஷம் அந்தக் காட்சி ஆடலை, அப்போ அது பாரதத்தில் இல்லையா' என்று யாராவது கேட்பார்களா?

கேட்க மாட்டார்கள். கதை மேடைக்கு வெளியே, உட்கார்ந்து பார்ப்பவர் மனசிலேயே முழுசா இருக்கு. ஆடுவது அதிலிருந்து ஒரு பகுதிதான். 'பொன்னியின் செல்வன்' படங்களுக்கும் ஓரளவு இதே வசதி இருந்தது. மணிமேகலை பாத்திரம் படத்தில் இல்லை. கல்கியைப் படித்தவர்கள் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள், படிக்காதவர்களுக்கு அப்படி ஒருத்தி இருந்ததே தெரியாது.

'லியோ'வுக்கோ ஒரு புது சீரியலுக்கோ அந்த வசதி கிடையாது. வெளியே மூலக்கதை என்று ஒன்று இல்லை. திரையில் காட்டியது மட்டும்தான் பார்ப்பவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம். அதனால்தான் அதில் கை வைத்தால் இவ்வளவு கோபம் வருது.

வெள்ளிக்கிழமை இருந்தது, அடுத்த வாரம் இல்லை

இப்போதெல்லாம் படம் ரிலீஸான பிறகும் கத்தரி ஓடுது. 2024 ஜூலை 12-ம் தேதி வந்த 'இந்தியன் 2', நீளம் அதிகம் என்ற விமர்சனத்துக்குப் பிறகு 12 நிமிடம் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'கங்குவா'வுக்கும் இதே கதி. முதல் நாள் முதல் ஷோ பார்த்தவருக்குத் தெரிந்த சில காட்சிகள், அடுத்த வாரம் போனவருக்குத் தெரியாது. முதல் நாள் டிக்கெட் எடுத்தவர் பார்த்தது டெலிட்டட் சீனா, கதையா?

நம்ம பார்வையில், நீளத்துக்காக வெட்டியதால் 'நடந்தது' மாறாது, சொல்லாமல் விட்டது மாதிரிதான். டிவிக்காக வெட்டுவதும் இந்த ரகம். 'ஏ' சான்றிதழ் படத்தை அப்படியே தொலைக்காட்சியில் போட முடியாது. காட்சிகளைக் குறைத்து, மறுசான்றிதழ் வாங்கித்தான் ஒளிபரப்ப வேண்டும். டிவியில் கத்தி தெரியலை என்பதற்காகக் கதையில் குத்து விழவே இல்லை என்று ஆகிவிடாது.

பழைய ஆட்களுக்கு இது பழகிய விஷயம்தான். கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் கிளம்பணும் என்று பாட்டு ரீலை ஓட்டாமலே படத்தை முடித்த தியேட்டர்கள் சின்ன ஊர்களில் ஏராளம்.

பிக் பாஸில் மட்டும் கணக்கே வேற

இதுவரை பேசியது எல்லாம் கற்பனைக் கதை. ரியாலிட்டி ஷோவில் விஷயம் தலைகீழ்.

விஜய் டிவியில் 'பிக் பாஸ்' தமிழ் 2017 ஜூன் 25-ம் தேதி கமல்ஹாசனோடு தொடங்கியது. வீட்டுக்குள் 24 மணி நேரமும் கேமரா ஓடும், நமக்குக் காட்டுவது ஒரு மணி நேரம் போல. மீதி எல்லாமே ஒரு வகையில் டெலிட்டட் சீன்தான். முதல் சீசனிலேயே, போட்டியாளர் ஒருவர் சொன்னதும் நடந்ததும் வேறு வேறு என்று காட்ட, கமல் ஒரு வீடியோவைப் போட்டார். 'குறும்படம்' என்ற வார்த்தைக்கு அன்றையிலிருந்து தமிழ்நாட்டில் புது அர்த்தம். வீட்டில் அண்ணன் தங்கச்சி சண்டையில்கூட 'குறும்படம் போடவா?' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கதையில் காட்டாதது நடக்காதது. இங்கே காட்டாததும் நடந்ததுதான், மனுஷங்களுக்கு நடந்தது. ஒருவர் கத்துவதை மட்டும் காட்டி, அவரைக் கத்த வைத்த பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் ஊரே அவரைத் திட்டும். அந்தத் திட்டு நிகழ்ச்சி முடிந்த பிறகும் நிஜ வாழ்க்கையில் அவர் பின்னாலேயே வரும். பிறகு ஓடிடியில் 24 மணி நேர நேரலை வந்தபோது இதில் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. மொபைல் டேட்டாவும் நேரமும் இருப்பவர்களுக்கு மட்டும்.

பொம்மிடி அம்மா மாதிரி ராத்திரி எபிசோடை மட்டும் பார்த்து ஓட்டுப் போடுபவர்கள் இன்னும் நிறைய. அடுத்த தடவை ஒரு போட்டியாளர் மேல் திடீர்னு ஆத்திரம் வந்தால், அந்தச் சண்டை எப்படி ஆரம்பிச்சதுன்னு நேரலையை விடாமல் பார்க்கும் ஆள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுட்டு ஓட்டுப் போடுங்க.